ஃபீட் ரீடர்: பிடித்த வலைப்பதிவுகளையும் செய்திகளையும் தவறவிடாமல் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தினமும் எழுதுகிறவரைத் தொடர்வது சுலபம். எப்படியும் கண்ணில் பட்டுவிடுவார். வருடத்துக்கு நாலு பதிவு மட்டும் எழுதுகிறவரைத் தொடர்வதுதான் கஷ்டம். ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு படித்து எழுதும் ஒருவர், தோட்டத்துப் பூச்சிகளைப் படம் பிடித்துப் பெயரோடு போடும் ஒரு பள்ளி ஆசிரியர், அரசாணைகளைப் பொறுமையாகப் படித்து விளக்கும் ஓய்வுபெற்ற அலுவலர் என்று தமிழில் இப்படிப் பலர் உண்டு. அவர்கள் தளத்தை புக்மார்க் செய்து வைப்போம். நாலைந்து தடவை போய்ப் பார்த்தும் புதிதாக ஒன்றும் இருக்காது. அப்புறம் மறந்துவிடுவோம். அவர்கள் ஃபேஸ்புக்கில் இணைப்பைப் பகிர்ந்தாலும், அது நம் திரைக்கு வருமா வராதா என்பது அவர்கள் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு ஃபீட் என்ற ஏற்பாடு 1999-லிருந்தே இருக்கிறது. செய்தியோடை என்றும் சொல்வார்கள். ஒரு தடவை அரை மணி நேரம் உட்கார்ந்து அமைத்துவிட்டால் போதும். நீங்கள் தேர்ந்தெடுத்த தளங்களில் வரும் ஒவ்வொரு பதிவும் தேதி வரிசையில் உங்களிடம் வந்து சேரும். இதை நாளிதழ்களுக்கான வசதி என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் இது முதலில் அரிதாக எழுதுகிறவர்களுக்கானது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஃபீட் என்பது அந்தத் தளத்திலேயே இருக்கும் ஒரு சின்னக் கோப்பு. எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருக்கும். அண்மைப் பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் அல்லது முழு உரை ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். புதிய பதிவு போட்டதும் தளமே அந்தக் கோப்பைத் திருத்திக்கொள்ளும். பிரவுசரில் திறந்தால் குறிகளும் எழுத்துகளுமாகக் குழப்பமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது நாம் படிப்பதற்கு இல்லை. ஃபீட் ரீடர் என்ற செயலி அதைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, புதிதாக வந்ததை மட்டும் உங்களுக்குக் காட்டும். தளத்துக்கு உங்கள் பெயரையோ மின்னஞ்சலையோ கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் ரீடரில் அழித்துவிட்டால் முடிந்தது.

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ராமநாதன் குகாவும் டான் லிப்பியும் 1999 மார்ச்சில் இதன் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அதுதான் ஆர்எஸ்எஸ். இன்று பரவலாக இருக்கும் ஆர்எஸ்எஸ் 2.0 வந்தது 2002-ல். ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் 2005-ல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. ஆர்எஸ்எஸ் நல்லதா ஆட்டம் நல்லதா என்று யாராவது விவாதித்தால் நகர்ந்துவிடுங்கள். எல்லா ரீடரும் இரண்டையும் படிக்கும்.

2004-ல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் நூற்றுக்கணக்கான தமிழ்ப் பதிவர்களை ஒரே பக்கத்தில் காட்டியதும் இந்த ஃபீடுகளை வைத்துத்தான். 2005-ல் வந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1 அன்று கூகுள் மூடியது. அத்தோடு ஃபீடும் செத்துவிட்டது என்று நிறையப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். மூடியது ஒரு ரீடர் மட்டும். வலைப்பதிவு நடத்தப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் பிளாகரும் வேர்ட்பிரஸும் இன்றைக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் தாமாகவே ஃபீட் உருவாக்குகின்றன. தன் தளத்தில் அப்படி ஒன்று இருப்பது எழுதுகிறவருக்கே தெரியாமல்கூட இருக்கும்.

ரீடரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஃபீடில் பழைய பதிவுகள் எல்லாம் இருக்காது, கடைசியாக வந்த சில மட்டும்தான். வேர்ட்பிரஸில் வழக்கமாக 10, யூடியூபில் 15, பிளாகரில் 25. மாதம் ஒரு பதிவு வரும் தளத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு நாளிதழிலோ காலையில் வந்த செய்தி மதியத்துக்குள் கீழே தள்ளப்பட்டு ஃபீடிலிருந்தே போய்விடும்.

முதல் படி: ரீடரைத் தேர்ந்தெடுப்பது

ரீடர்களில் இரண்டு வகை. ஒன்று, உங்கள் போனிலோ கணினியிலோ இருந்துகொண்டு தானே போய் ஃபீடை எடுப்பது. கணக்கு தொடங்க வேண்டாம், காசும் கிடையாது. சாதனம் அணைந்திருக்கும் நேரத்தில் எடுக்காது என்பதுதான் குறை. இன்னொன்று, ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஓடுவது. நீங்கள் ஒரு வாரம் எட்டிப் பார்க்காவிட்டாலும் அது சேர்த்து வைத்திருக்கும். போனில் படித்தது கணினியிலும் படித்ததாகவே காட்டும். ஆனால் கணக்கு வேண்டும், இலவசத்துக்கு எல்லையும் உண்டு.

ஆண்ட்ராய்டு போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஃபீடர் என்ற செயலி. திறமூலம், அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விளம்பரம் கிடையாது, பிளே ஸ்டோரிலும், திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டிலும் கிடைக்கும். ஐபோனோ மேக்கோ வைத்திருந்தால் நெட்நியூஸ்வயர். அதுவும் இலவசம், திறமூலம். கணினியில் ஏற்கனவே தண்டர்பேர்டில் மின்னஞ்சல் பார்க்கிறவர்கள் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். அக்கவுன்ட் செட்டிங்ஸில் ஒரு ஃபீட் அக்கவுன்ட் சேர்த்தால் மின்னஞ்சல் போலவே பதிவுகளும் வந்து நிற்கும். போன், கணினி இரண்டிலும் மாறி மாறிப் படிப்பவர்களுக்கு ஐனோரீடர் அல்லது ஃபீட்லி வசதி. ஃபீட்லியின் இலவசக் கணக்கில் 100 தளங்கள் வரை சேர்க்கலாம். தொடக்கத்துக்கு அது தாராளம். சொந்தமாக சர்வர் வைத்திருக்கிறவர்களுக்கு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் இரண்டும் இருக்கின்றன. மற்றவர்கள் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

எதை எடுப்பது என்று ஒரு வாரம் யோசிக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் மொத்தப் பட்டியலையும் இன்னொரு ரீடருக்கு இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். எப்படி என்பது பின்னால் வருகிறது.

இரண்டாம் படி: முதல் தளத்தைச் சேர்ப்பது

கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் இதழை எடுத்துக்கொள்வோம். அது வேர்ட்பிரஸில் இயங்கும் தளம். ஃபீடர் செயலியின் மெனுவில் 'ஆட் ஃபீட்' என்பதைத் தொட்டு, தளத்தின் சாதாரண முகவரியை, அதாவது கணியம்.காம் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடச் சொல்லுங்கள். (இங்கே நான் தமிழில் எழுதும் எல்லா முகவரிகளையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) தளத்தின் முகப்புப் பக்கத்திலேயே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'என் ஃபீட் இங்கே இருக்கிறது' என்று ஒரு குறிப்பு இருக்கும். ரீடர் அதைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிடும்.

பல தளங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபீடுகள் வரும். கமென்ட்ஸ் என்ற சொல் இருந்தால் அது பின்னூட்டங்களுக்கானது, விட்டுவிடுங்கள். பிளாகர் தளங்களில் ஆட்டம், ஆர்எஸ்எஸ் என்று ஒரே விஷயம் இரண்டு வடிவில் வரும். ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிவும் இரண்டு தடவை வரும். தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவுப் பெயர் கொடுத்து, ஓகே கொடுத்தால் பதிவுகள் வந்து விழும்.

இதே மாதிரி நாலைந்து தளங்களைச் சேர்த்துவிட்டு ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். முதல் நாளே நாளிதழ்களைச் சேர்க்காதீர்கள்.

ரீடருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதபோது

சில தளங்களில் அந்த மறைவான குறிப்பு இருக்காது. அப்போது முகவரியை நாமே அமைத்துக் கொடுக்க வேண்டும். தளம் எதில் இயங்குகிறது என்று தெரிந்தால் இது எளிது.

வேர்ட்பிரஸ் என்றால் தள முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று சேர்த்தால் போதும். ஒரு பிரிவு மட்டும் வேண்டுமென்றால் அந்தப் பிரிவின் பக்கத்தைத் திறந்து, அதன் முகவரிக்குக் கடைசியில் அதே மாதிரி சேர்க்க வேண்டும். தினமும் பத்து விஷயம் எழுதும் ஒருவரிடம் உங்களுக்கு வேண்டியது புத்தக மதிப்புரைகள் மட்டும்தான் என்றால் இது ரொம்பவே உதவும். செய்திமடல் தளமான சப்ஸ்டாக்கிலும் கடைசியில் ஃபீட் சேர்ப்பதுதான் வழி. மீடியம் என்ற பதிவுத் தளத்தில் மட்டும் இடம் மாறும்: மீடியம்.காம்/ஃபீட்/ என்று அடித்து, அதன் பிறகு @ குறியோடு எழுதுபவரின் பயனர் பெயர்.

பிளாகர் என்றால் தள முகவரிக்குப் பின் /ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டீஃபால்ட் என்று சேர்க்க வேண்டும். ஒரு லேபிளின் (பதிவர் பதிவுக்கு ஒட்டும் வகைப் பெயர்) கீழ் வருபவை மட்டும் வேண்டுமென்றால் அதன் பின்னும் ஒரு சாய்கோடு, ஒரு சிறு கோடு, மறுபடி சாய்கோடு, பிறகு லேபிளின் பெயர். நம் பதிவர்கள் லேபிளைத் தமிழில்தான் வைப்பார்கள். அதை பிரவுசரிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு நீண்ட வால் வரும். இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிவதால்தான் அப்படி. அதைத் திருத்தப் போகாமல் அப்படியே கொடுங்கள், வேலை செய்யும்.

பழைய பிளாகர் தளங்களில் 'மின்னஞ்சலில் பெற' என்று ஒரு பெட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். கூகுளின் ஃபீட்பர்னர் வழியாக இயங்கியது அது. 2021 ஜூலையில் அந்த மின்னஞ்சல் வசதியை நிறுத்திவிட்டார்கள். அதில் முகவரி கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயன் இல்லை. ஆனால் அந்தத் தளத்தின் ஃபீட் வேலை செய்யும்.

யூடியூப் சேனல்களுக்கும் ஃபீட் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான ரீடர்களில் சேனலின் முகவரியை ஒட்டினாலே போதும். எடுக்காவிட்டால் சேனலின் விவரப் பகுதியில் ஷேர் பொத்தானுக்குள் 'காப்பி சேனல் ஐடி' இருக்கும். அதை எடுத்து, யூடியூப்.காம்/ஃபீட்ஸ்/வீடியோஸ்.எக்ஸ்எம்எல் என்பதன் பின் கேள்விக்குறி, சேனல்_ஐடி, சமக்குறி போட்டு ஒட்டவும். பெல் பொத்தானை அழுத்தியும் வராத வீடியோக்கள் இதில் வரிசையாக வரும். சமையல் வீடியோ பார்க்கப் போய் ஒரு மணி நேரம் எங்கெங்கோ அலைந்துவிட்டு வரும் பழக்கமும் குறையும்.

ரெடிட், மாஸ்டடான் என்ற சமூகத் தளங்கள் இரண்டிலும் பக்க முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ் என்று சேர்த்தால் ஃபீட் கிடைக்கும். எனக்குப் பிடித்த இன்னொன்று விக்கிப்பீடியா. உங்கள் ஊரைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய்க் கருவிகள் பட்டியலைப் பார்த்தால் ஆட்டம் என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைச் சேர்த்துவிட்டால், யாராவது அந்தக் கட்டுரையில் கை வைக்கும்போதெல்லாம் என்ன மாறியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் கணினியில் அந்தத் தளத்தைத் திறந்து கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்துங்கள். பக்கத்தின் மூல நிரல் தெரியும். அதில் ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் என்று ஆங்கிலத்தில் தேடினால், இருக்கும் பட்சத்தில், முகவரி அகப்பட்டுவிடும்.

செய்தித் தளங்கள்

சரி, இப்போது நாளிதழ்கள். ஒரு தளத்தின் மொத்த ஃபீடையும் சேர்ப்பதுதான் இங்கே எல்லோரும் செய்வது. இரண்டே நாளில் படிக்காத பதிவுகள் நூற்றுக்கணக்கில் ஏறும். மூன்றாம் நாள் ரீடரைத் திறக்கவே மனம் வராது. முடிந்தவரை சிறிய பகுதியை எடுங்கள். தி இந்து ஆங்கில நாளிதழில் ஒவ்வொரு பிரிவுப் பக்கத்தின் முகவரிக்கும் பின்னால் ஃபீடர்/டீஃபால்ட்.ஆர்எஸ்எஸ் சேர்த்தால் அந்தப் பிரிவு மட்டும் வரும். தமிழ்நாடு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். பிபிசி தமிழுக்கும் ஃபீட் உண்டு. அதில் தலைப்பும் ஒரு வரிச் சுருக்கமும்தான் வரும், முழுக் கட்டுரைக்குத் தளத்துக்குப் போக வேண்டும்.

எந்த நாளிதழையும் சேர்க்காமல் ஒரு பொருளை மட்டும் தொடர்வது இதைவிட நல்ல வழி. பிரவுசரில் கூகுள் நியூஸின் தமிழ்ப் பதிப்பைத் திறந்து உங்கள் ஊர்ப் பெயரையோ, ஒரு அணையின் பெயரையோ, 'கீழடி' போன்ற ஒரு சொல்லையோ தேடுங்கள். முடிவுகள் வந்ததும் மேலே உள்ள முகவரியில் நியூஸ்.கூகுள்.காம்/ என்பதற்கும் செர்ச் என்பதற்கும் நடுவில் ஆர்எஸ்எஸ்/ என்று நுழைத்து, அந்த முழு முகவரியையும் ரீடரில் ஒட்டுங்கள். அந்தச் சொல் வரும் செய்திகள், எந்தப் பத்திரிகையில் வந்தாலும், உங்களுக்கு வரும். சொல் எவ்வளவு குறிப்பானதோ அவ்வளவு நல்லது. 'மதுரை' என்று கொடுத்தால் வெள்ளம்தான். 'மதுரை விமான நிலையம்' என்று இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்துப் பாருங்கள்.

அடுக்கி வைப்பது

பெரும்பாலானவர்கள் அரசியல், இலக்கியம், தொழில்நுட்பம் என்று பொருள்வாரியாகப் பிரிப்பார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை வைத்துப் பிரியுங்கள். 'அரிது' என்று ஒரு பிரிவு: மாதத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் எழுதாதவர்கள். 'வழக்கம்' என்று ஒன்று: வாரத்துக்குச் சிலது. 'வெள்ளம்' என்று ஒன்று: செய்திகள் மொத்தமும் இதற்குள். ரீடரைத் திறந்ததும் முதலில் அரிது. அதில் வருவதை ஒன்றுவிடாமல் படிக்கலாம், ஏனென்றால் வருவதே கொஞ்சம். நேரமிருந்தால் வழக்கம். வெள்ளத்தில் தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு 'மார்க் ஆல் ஆஸ் ரெட்' பொத்தானை அழுத்திவிடுங்கள். கூச்சமே வேண்டாம். பரண் மேல் அடுக்கிய பழைய பேப்பரை யாரும் படித்து முடிப்பதில்லை.

நோட்டிஃபிகேஷனை எல்லாவற்றுக்கும் மொத்தமாக அணைத்துவிட்டு, அரிதில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் திறந்து வையுங்கள். ஃபீடரில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக இதை அமைக்கலாம். தொடர்கதையோ பயணத் தொடரோ எழுதுகிறவர்களின் பதிவுகளைப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தினால் அத்தியாயம் குழம்பாது. டேட்டா செலவு பற்றிக் கவலை இருந்தால் வைஃபையில் மட்டும் புதுப்பிக்கும்படி வைக்கலாம். ஃபீட் கோப்பு சின்னதுதான், டேட்டாவைத் தின்பது படங்கள்.

சுருக்கம் மட்டும் வரும் தளங்களுக்கு, ரீடரிலேயே முழுக் கட்டுரையையும் எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீடரில் தளத்துக்குத் தளம் அதைத் திறந்து வைக்கலாம். சில தளங்களில் நன்றாக வரும், சிலவற்றில் மெனுவும் விளம்பரமும் சேர்ந்து குப்பையாக வரும். சந்தா கட்டிப் படிக்க வேண்டிய கட்டுரைகள் இதில் திறக்காது.

ஃபீடே இல்லாதவை

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூன்றும் ஃபீட் தருவதில்லை. ட்விட்டர் முன்பு தந்தது, 2013-ல் நிறுத்தியது. ஆர்எஸ்எஸ்-பிரிட்ஜ் என்ற திறமூல மென்பொருள் ஃபீட் இல்லாத பல தளங்களிலிருந்து ஒன்றை உருவாக்கித் தரும். ஆனால் தளம் தன் பக்க அமைப்பை மாற்றும்போதெல்லாம் அது உடையும், யாராவது சரி செய்யும் வரை காத்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் மட்டும் வரும் செய்திமடல்களுக்கு 'கில் த நியூஸ்லெட்டர்' என்ற இலவசச் சேவை உண்டு. அது உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு ஃபீட் முகவரியும் தரும். அந்த மின்னஞ்சலைச் செய்திமடலுக்குக் கொடுத்தால் வருவதெல்லாம் ஃபீடில் வந்து சேரும். வங்கி மாதிரி முக்கியமான எதற்கும் அந்த முகவரியைக் கொடுக்கக் கூடாது.

பட்டியலைக் காப்பது

ரீடரின் அமைப்புகளில் எக்ஸ்போர்ட் ஓபிஎம்எல் என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் தொடரும் தளங்கள் அனைத்தும், பிரிவுகளோடு, ஒரு சின்னக் கோப்பாக வரும். அதை உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ரீடருக்குப் போகும்போது இம்போர்ட் செய்தால் வேலை முடிந்தது. கூகுள் ரீடர் மூடப்பட்டபோது இந்தக் கோப்பை எடுத்து வைத்திருந்தவர்கள் அன்றைக்கே வேறு ரீடரில் உட்கார்ந்துவிட்டார்கள். நண்பருக்கு ஃபீடை அறிமுகப்படுத்தவும் இதுதான் நல்ல வழி. வெறும் ரீடரைக் காட்டினால் யாருக்கும் ஆர்வம் வராது, பத்து நல்ல பதிவர்கள் அடங்கிய கோப்பைக் கொடுத்தால் வரும்.

ஒரு தளம் திடீரென்று நின்றுவிட்டால்

முதலில் தளத்தை பிரவுசரில் திறந்து பாருங்கள். தளம் இருந்து ஃபீட் மட்டும் வரவில்லை என்றால், அவர் பிளாகரிலிருந்து சொந்த முகவரிக்கு மாறியிருக்கலாம். புதிய முகவரியைச் சேர்த்துப் பழையதை நீக்கினால் சரியாகிவிடும். சில சமயம் பழைய தமிழ்த் தளத்தின் ஃபீடில் திடீரென்று சூதாட்ட விளம்பரங்கள் வரத் தொடங்கும். பதிவர் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டு, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே நீக்கிவிடுங்கள். மற்றபடி, ஒரு வருடமாக ஒன்றும் எழுதாதவரை நீக்க வேண்டியதே இல்லை. சும்மா இருக்கும் ஃபீட் உங்கள் திரையில் இடம் எதுவும் பிடிப்பதில்லை, அவர் திரும்ப எழுதினால் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நீங்களே எழுதுகிறவர் என்றால்

உங்கள் தளத்தின் ஃபீடை ஒரு தடவை உங்கள் ரீடரிலேயே சேர்த்துப் பாருங்கள். பிளாகரில் செட்டிங்ஸ் பக்கத்தில் சைட் ஃபீட் பகுதியில் 'ஃபுல்' என்று இருக்கிறதா என்று பார்க்கவும். 'நன்' என்று இருந்தால் யாருக்கும் எதுவும் போகாது. வேர்ட்பிரஸில் ரீடிங் செட்டிங்ஸில் 'ஃபுல் டெக்ஸ்ட்' தேர்ந்தெடுக்கலாம். முழு உரை கொடுத்தால் தளத்துக்கு ஆள் வரமாட்டார்கள் என்று சிலர் தயங்குவார்கள். ஃபீடில் படிக்கிறவர்தான் உங்களை விடாமல் படிக்கிறவர். அவரை அலைக்கழிக்காமல் இருப்பதே நல்லது. பதிவுகளுக்குத் தலைப்பு வைக்காமல் விட்டால் ரீடரில் வெற்று வரியாகத் தெரியும். வார்ப்புருவை மாற்றிய பிறகோ சொந்த முகவரிக்கு மாறிய பிறகோ, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் ஃபீட் வேலிடேட்டர் பக்கத்தில் உங்கள் ஃபீட் முகவரியை ஒட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் எந்த வரியில் என்று காட்டிவிடும்.